இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை வெட்டாதீர்கள்

கச்சேரிக்கு முந்தைய சவுண்ட் செக். கிட்டார் கலைஞர் மேடையில் இரண்டு ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறார். ஒன்று தெளிவான ஒலிக்கு, இன்னொன்று டிஸ்டார்ஷனுக்கு. தனித்தனியே வாசித்தால் இரண்டும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. ஒரே கிட்டாரிலிருந்து இரண்டுக்கும் கேபிள் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் கிளம்புகிறது. கிட்டாரின் வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் அடங்குவதில்லை. அந்த நேரத்தில் விஷயம் தெரிந்த யாராவது ஒருவர் முன்வருவார். ஒரு ஆம்பின் மூன்று பின் பிளக்கைப் பிடுங்கி, இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகி மறுபடி மாட்டுவார். கன்வெர்ட்டர் கிடைக்காவிட்டால் எர்த் பின்னையே கட்டிங் பிளேயரால் நறுக்கிவிடுவதும் உண்டு. உறுமல் சட்டென்று நின்றுவிடும். எல்லோருக்கும் நிம்மதி.

இந்த வைத்தியம் பலிக்கிறது. அதனால்தான் அது இத்தனை காலமாக உலகெங்கும் மேடைகளில் கைமாறி வருகிறது. அதனால்தான் அது இவ்வளவு ஆபத்தானதும்கூட. கிட்டார் ஒலியமைப்பில் எர்த் லூப்பால் வரும் ஹம் என்ற இந்த உறுமலைப் போக்க, உயிரைக் காக்கும் அந்தப் பச்சை எர்த் கம்பியைத் துண்டிக்க வேண்டிய தேவை ஒருபோதும் இல்லை. சிக்னல் போகும் பாதையில் செய்ய வேண்டிய வேலையை மின்சாரம் வரும் பாதையில் செய்வதுதான் தவறு.

ஹம் எப்படி வருகிறது என்று பார்த்தால் இது விளங்கும். ஒவ்வொரு ஆம்பின் உலோகச் சட்டமும் தன் பவர் கார்டில் உள்ள எர்த் கம்பி வழியாகக் கட்டடத்தின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. கிட்டார் கேபிளின் உள்ளே ஒரு மெல்லிய கம்பி சிக்னலைக் கொண்டுபோகிறது. அதைச் சுற்றியுள்ள ஷீல்டு என்ற பின்னல் வலை ஆம்பின் சட்டத்தோடு இணைகிறது. ஒரே கிட்டாரோடு இரண்டு ஆம்புகளைச் சேர்க்கும்போது, முதல் ஆம்பிலிருந்து ஷீல்டு வழியாக இரண்டாவது ஆம்ப், அங்கிருந்து எர்த் கம்பி வழியாகச் சுவர், சுவரிலிருந்து திரும்பவும் முதல் ஆம்ப் என்று ஒரு வளையம், அதாவது எர்த் லூப், முழுமையாகிவிடுகிறது. மேடையைச் சுற்றியுள்ள டிரான்ஸ்ஃபார்மர்களும் மின் ஒயர்களும் நொடிக்கு 50 சுற்று மாறும் காந்தப்புலத்தை எந்நேரமும் பரப்பிக்கொண்டிருக்கின்றன. அது இந்த வளையத்துக்குள் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. இரண்டு ஆம்புகளும் ஹாலின் இரு மூலைகளில் உள்ள பாயின்ட்களில் மாட்டப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு இடத்து எர்த்தும் துல்லியமாக ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. அந்தச் சிறு வித்தியாசமும் ஷீல்டு வழியாகவே தன்னைச் சமன்செய்துகொள்ளப் பார்க்கும்.

ஒரு சின்னக் கணக்கு. ஷீல்டின் மின்தடை 0.1 ஓம் என்றும், அதில் 100 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஷீல்டின் இரு முனைகளுக்கும் இடையே 10 மில்லிவோல்ட் உண்டாகும். கிட்டாரின் பிக்அப்பிலிருந்து வரும் சிக்னலோ 100 மில்லிவோல்ட் அளவில் இருப்பது. பத்தில் ஒரு பங்கு இரைச்சல் அதோடு கலந்தே ஆம்புக்குள் நுழைகிறது. டிஸ்டார்ஷன் பெடலின் வேலையே சின்ன ஒலியையும் பெரிதாக்குவது என்பதால், வாசிப்பு நிற்கும் இடைவெளியில் அந்த உறுமல் இசைக்குச் சமமாக எழுந்து நிற்கும்.

நம் இசை கேட்டுப் பழகிய காதுக்கு இது வெறும் இரைச்சலாக மட்டும் இருப்பதில்லை. சுருதிக் கேடாகவும் கேட்கும். கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் அவ்வளவாக எழும்பாது. அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸ்தான் காதில் விழும். ஐந்து கட்டைச் சுருதியின் ஷட்ஜம் மந்தர ஸ்தாயியில் 98 ஹெர்ட்ஸ். ஹம்மின் 100 அதைவிடக் கொஞ்சமே உயர்ந்து, ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே எதிலும் சேராமல் நிற்கிறது. ஐந்து கட்டையில் பாடும் ஒருவருக்கு, தம்பூராவின் பக்கத்தில் சரியாகச் சேராத இன்னொரு தம்பூராவை ஓயாமல் மீட்டிக்கொண்டிருப்பது போன்ற தொல்லை இது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினையும், பிரசன்னா மின் கிட்டாரையும் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பிக்அப், கேபிள், ஆம்ப் என்ற இதே சங்கிலி சபாக்களுக்கும் வந்துவிட்டது. எனவே ஹம் என்பது ராக் இசைக்காரர்களின் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது.

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், கிட்டாரின் கம்பிகளில். மின் கிட்டாரில் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஷீல்டோடும், ஷீல்டு ஆம்பின் சட்டத்தோடும் இணைந்திருக்கின்றன. எர்த் சரியாக இருக்கும்வரை இது நல்ல ஏற்பாடு. ஆம்புக்குள் ஏதோ ஓர் ஒயரின் உறை கிழிந்து சட்டத்தைத் தொட்டால், எர்த் கம்பி அந்த மின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிடும், பியூஸ் போகும், கச்சேரி தடைபடும், அவ்வளவுதான். எர்த் பின் வெட்டப்பட்டிருந்தால் பியூஸ் போகாது. சட்டம், ஷீல்டு, பிரிட்ஜ், கம்பிகள் எல்லாவற்றிலும் 230 வோல்ட் ஏறி நிற்கும். கலைஞருக்கு எதுவும் தெரியாது. மரப்பலகை மேடையில் ரப்பர் செருப்போடு நின்று வாசித்துக்கொண்டே இருப்பார். பாடுவதற்காக மைக்கை நெருங்கி உதடு அதன் இரும்பு வலையைத் தொடும் கணத்தில்தான் சுற்று முழுமையாகும். மைக், மிக்ஸர் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. கையில் ஏறிய மின்சாரம் நெஞ்சைக் கடந்து உதடு வழியாக இறங்கும்.

வியர்த்த உடம்பின் மின்தடை 1,000 முதல் 2,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் 115 முதல் 230 மில்லிஆம்பியர் வரை பாயும். 10 மில்லிஆம்பியரைத் தாண்டினாலே தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30-க்கு மேல் சில நொடிகள் நீடித்தால் இதயத் துடிப்பே சீர்குலையக்கூடும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. 1972 மே மாதம், வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் டாப் ரேங்க் அரங்க மேடையில், 'ஸ்டோன் த க்ரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மைக்கைத் தொட்டபோது மின்சாரம் பாய்ந்து இறந்தார். அவருக்கு வயது 27. 'த யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப், 1976 மே மாதம் தன் வீட்டிலேயே, எர்த் சரியில்லாத மின் கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தபோது உயிரிழந்தார். வயது 33. 1965 டிசம்பரில் அமெரிக்காவின் சாக்ரமென்டோவில் ரோலிங் ஸ்டோன்ஸ் மேடையில் கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டார் மைக் ஸ்டாண்டைத் தொட்டதும் பொறி பறக்க அவர் மயங்கி விழுந்தார். காலில் இருந்த தடித்த ரப்பர் ஷூதான் காப்பாற்றியது என்று இன்றும் சொல்லப்படுகிறது. 1976 டிசம்பரில் புளோரிடாவின் லேக்லாந்தில் 'கிஸ்' குழுவின் ஏஸ் ஃப்ரேலி, கிட்டாரோடு மேடையில் இருந்தபோது கைப்பிடிக் கம்பியைத் தொட்டு ஷாக் அடித்து விழுந்தார். உயிர் தப்பிய அவர் அந்த அனுபவத்திலிருந்தே 'ஷாக் மீ' என்ற பாடலை எழுதினார்.

நான்குமே பிரபலங்களுக்கு நேர்ந்ததால் பதிவாயின. மைக்கைத் தொட்டதும் 'எர்த் அடிக்குது' என்று கையை உதறிவிட்டு, மைக்குக்கு ஒரு பஞ்சு உறை மாட்டிக்கொண்டு பாடலைத் தொடர்ந்த எத்தனையோ பேரின் கதை எங்கும் பதிவாகவில்லை.

இத்தனைக்கும், இந்த ஹம்முக்கு நல்ல மருந்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஆரம்ப காலத் தொலைபேசியில் ஒரே ஒரு கம்பிதான் இருந்தது. மின்சாரம் திரும்பும் பாதையாகத் தரையையே பயன்படுத்தினார்கள். நகரங்களுக்கு மின்சார விளக்கும் டிராம் வண்டியும் வந்ததும் தொலைபேசியில் பேச்சைவிட இரைச்சல் அதிகமானது. அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881-லேயே ஒன்றோடொன்று முறுக்கிய இரட்டைக் கம்பிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இரண்டு கம்பிகளிலும் இரைச்சல் ஒரே அளவில் ஏறும். பேச்சு எதிரெதிராக ஓடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இரைச்சல் தானே கழிந்துவிடும். இன்று மைக்குக்கு நாம் பயன்படுத்தும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கேபிள், ஐம்பது மீட்டர் ஓடினாலும் சத்தமில்லாமல் இருப்பது இதனால்தான். கிட்டார் கேபிளுக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. அதன் கால் அங்குல ஜாக் பழைய தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் போர்டிலிருந்து வந்தது. ஆனால் இரட்டைக் கம்பி முறை அதோடு சேர்ந்து வரவில்லை. கிட்டாரில் ஷீல்டே திரும்பும் பாதையாகவும் இருப்பதால், ஷீல்டில் ஓடுகிற எல்லாமே இசையோடு கலக்கும்.

எனவே செய்ய வேண்டியது, சிக்னலை விட்டுவிட்டு ஷீல்டின் தொடர்பை மட்டும் அறுப்பது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் செய்வது அதைத்தான். அதற்குள் இரண்டு சுருள்கள். நடுவே கம்பித் தொடர்பு எதுவும் கிடையாது. ஒலி காந்தப்புலமாக மாறி அடுத்த சுருளுக்குத் தாவுகிறது. வளையத்தில் ஓடும் மின்னோட்டம் தாவ வழியில்லாமல் நின்றுவிடுகிறது. இரண்டு ஆம்ப் வைப்பவர்களுக்காக, சிக்னலை இரண்டாகப் பிரித்தனுப்பும் ஏபிஒய் பாக்ஸ்களை, இந்த டிரான்ஸ்ஃபார்மரை உள்ளே வைத்து, ரேடியல், லேலே போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டிரான்ஸ்ஃபார்மர் ஒரு வழியில் மட்டும் இருந்தால் போதும். இன்னொரு ஆம்போடு உள்ள நேரடித் தொடர்பு கிட்டார் கம்பிகளுக்கு எர்த்தாக இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத மலிவான ஏபிஒய் பாக்ஸும் கடைகளில் உண்டு. அது சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும், ஹம்மையும் சேர்த்தே கொடுக்கும்.

சிக்னலை மிக்ஸருக்கு அனுப்பும் டிஐ பாக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். ஆம்பிலிருந்து மிக்ஸருக்குப் போகும் வழியில் ஹம் வந்தால் அதைத் தட்டிவிடலாம், தாராளமாகத் தட்டலாம். அது எக்ஸ்எல்ஆரின் முதல் பின்னை, அதாவது சிக்னல் கேபிளின் ஷீல்டை மட்டுமே விடுவிக்கிறது. ஆம்பின் பவர் கார்டில் உள்ள எர்த் அப்படியே இருக்கும். பிளக்கை வெட்டுவதும் இந்தச் சுவிட்சைத் தட்டுவதும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; ஒலித்துறையில் இதைவிட ஆபத்தான தவறான நம்பிக்கை வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

பணமே செலவழிக்காமல் செய்யக்கூடியதும் உண்டு. கருவிகளுக்கான எல்லா மின்சாரத்தையும், ஆம்ப், பெடல்போர்டு, கீபோர்டு உட்பட, ஒரே பாயின்ட்டிலிருந்து ஒரே ஜங்ஷன் பாக்ஸ் வழியாக எடுப்பது. எர்த் ஒரே இடத்தில் சேரும்போது மின்னழுத்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும். 'ஒரே பாயின்ட் தாங்குமா?' என்ற பயம் வரும். 16 ஆம்பியர் பாயின்ட் 3,680 வாட் வரை தாங்கும். 100 வாட் வால்வு ஆம்ப் இழுப்பது சில நூறு வாட்தான். ஒரு சிறு குழுவின் ஆம்புகளும் பெடல்களும் அதில் தாராளமாக அடங்கும். விளக்குகளை மட்டும் தனி லைனுக்கு மாற்றிவிட வேண்டும். விளக்குகளின் டிம்மர்கள் போடும் 'ஜ்ஜ்ஜ்' சத்தம் வேறு வகை, அது ஹம்மைவிடக் கூர்மையானது. இரண்டு ஆம்புகளுக்கும் போகும் கேபிள்களைச் சேர்த்துக் கட்டி ஒரே தடத்தில் விடுவதும் உதவும். காந்தப்புலம் பிடிப்பது வளையத்துக்குள் அடங்கிய பரப்பைத்தான். பரப்பு குறைந்தால் ஹம்மும் குறையும். பவர் கார்டு குறுக்கே வந்தால் கிட்டார் கேபிளோடு இணையாக ஓட விடாமல் செங்குத்தாகக் கடக்கச் செய்வது நல்லது.

இரைச்சல் எல்லாமே எர்த் லூப் ஆகிவிடாது. கிட்டாரைக் கையில் பிடித்து மெல்லத் திரும்பிப் பார்க்கலாம். திசைக்குத் திசை சத்தம் கூடிக் குறைந்தால் குற்றவாளி சிங்கிள் காயில் பிக்அப். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-ல் விண்ணப்பித்து 1959-ல் காப்புரிமை பெற்ற ஹம்பக்கர் அதற்கான தீர்வு. கம்பிகளைத் தொட்டதும் சத்தம் குறைந்தால் கிட்டாருக்குள் ஷீல்டிங் போதவில்லை. ஒரே அடாப்டரிலிருந்து கிளை கிளையாகப் பிரித்து எல்லாப் பெடல்களுக்கும் மின்சாரம் கொடுத்தால் மெல்லிய கீச்சொலி வரும். ஒரு பெடலுக்கு மட்டும் பேட்டரி போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். எப்படித் திரும்பினாலும் மாறாமல், இரண்டாவது கேபிளைக் கழற்றினால் மட்டும் அடங்குகிற உறுமல்தான் லூப்.

வீட்டில் லேப்டாப் வைத்துப் பதிவுசெய்யும் இளைஞர்களை இது அதிகம் படுத்துகிறது. சார்ஜரை மாட்டியதும் ஹெட்போனிலும் மானிட்டரிலும் இரைச்சல். சார்ஜரைக் கழற்றினால் அமைதி. யுஎஸ்பி கேபிளின் ஷீல்டு, இன்டர்ஃபேஸ், மானிட்டர் ஸ்பீக்கர், சுவர் என்று வளையம் இங்கேயும் உருவாகிறது. இன்டர்ஃபேஸிலிருந்து மானிட்டருக்குச் சாதாரண மோனோ கேபிளுக்குப் பதில் மூன்று தொடர்புமுனை கொண்ட டிஆர்எஸ் பேலன்ஸ்டு கேபிள் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரண்டு பின் அடாப்டர்கள் எல்லாம் ஆபத்தா என்ற கேள்வி வரும். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் என்ற குறி அச்சிட்ட கருவிகள் இரட்டைக் காப்போடு செய்யப்பட்டவை; அவற்றுக்கு எர்த் தேவையில்லை. உலோக உடம்போடு மூன்று பின் வைத்து வந்த கருவியிலிருந்து ஒரு பின்னைப் பறிப்பதுதான் கூடாது.

குறை கலைஞர்கள் பக்கம் மட்டும் இல்லை. கேபிளின் ஷீல்டைப் பெட்டியின் உலோகச் சட்டத்தோடு இணைக்காமல் உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டோடு இணைத்ததால்தான் பல கருவிகள் ஹம்முக்கு எளிதில் இலக்காகின்றன என்று ஒலிப்பொறியாளர் நீல் மன்சி எடுத்துக்காட்டினார். துறையில் அதற்கு 'பின் 1 பிரச்சினை' என்றே பெயர். ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழ் 1995 ஜூனில் ஷீல்டுக்கும் எர்த்துக்கும் என்றே ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது. 2005-ல் ஏஇஎஸ்48 என்ற தரநிலையும் வந்தது. இருந்தும் கடைகளில் அதிகம் விளம்பரமாவது நாய்ஸ் கேட் பெடல். வாசிக்காதபோது அது கதவைச் சாத்திவிடும். வாசிக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு சுரத்தின் அடியிலும் ஹம் அப்படியே இருக்கும். லூப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் கேட் வாங்குபவர் நோயை விட்டுவிட்டு இருமல் மருந்துக்குச் செலவழிக்கிறார்.

நம் ஊர் மண்டபங்களின் நிலைமைக்கு வருவோம். பல மேடைகளின் ஓரத்தில் இன்றும் ஒரு காட்சியைப் பார்க்கலாம்: உடைந்த மரப்பலகையில் ஒரு பாயின்ட், பிளக்கே இல்லாமல் இரண்டு ஒயர்களின் நுனியைச் சீவி ஓட்டைகளுக்குள் நுழைத்து, கழன்றுவிடாமல் தீக்குச்சி செருகியிருப்பார்கள். மூன்றாவது ஓட்டை, அதாவது மேலே இருக்கும் பெரிய ஓட்டை, காலியாகவே இருக்கும். அங்கே எர்த்தை வெட்ட யாரும் தேவையில்லை. அது முதலிலிருந்தே இல்லை. பிளக்கில் எர்த் பின் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பதற்குக் காரணம், செருகும்போது அது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பது. அந்த ஏற்பாட்டைத் தீக்குச்சியால் ஈடுசெய்ய முடியாது. மேடையின் இடதும் வலதும் வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் மண்டபங்களும் உண்டு. அங்கே பழுது நேர்ந்தால் இரு கருவிகளுக்கிடையே 400 வோல்ட் வரை நிற்கக்கூடும்.

மண்டப வாடகையில் ஏசிக்கும், அலங்காரத்துக்கும், ஜெனரேட்டருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறார்கள். மேடை பாயின்ட்டுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று பொருத்துவதையும், ஆண்டுக்கொருமுறை எர்த்தை எலெக்ட்ரீஷியனை வைத்து அளந்து எழுதி வைப்பதையும் உள்ளாட்சி அமைப்புகள் கலைநிகழ்ச்சி நடக்கும் எல்லா மண்டபங்களுக்கும் உரிமம் தரும்போதே நிபந்தனையாக்க வேண்டும். ஆர்சிசிபி, போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. யாரோ ஒருவர் உடம்பு வழியாகக் கசிந்தால் நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். லெஸ் ஹார்வி நின்ற மேடையில் அப்படி ஒன்று இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். ஆர்சிசிபியின் முகப்பில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கிறது. கச்சேரிக்கு ஒப்பந்தம் போடும் குழுவினர் மண்டபக்காரரை அதை ஒருமுறை அழுத்திக் காட்டச் சொல்லலாம். மின்சாரம் போகாவிட்டால் அது வேலை செய்யவில்லை.

மைக் செட் காரர்கள் செய்யக்கூடிய சோதனை அதைவிட எளிது. சில நூறு ரூபாய் மல்டிமீட்டரை ஏசி வோல்டேஜில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் இரும்பு வலையிலும் வைக்க வேண்டும். எர்த் எல்லா இடத்திலும் சரியாக இருந்தால் முள்ளோ எண்ணோ பூஜ்யத்தின் பக்கத்திலேயே நிற்கும். பத்து, இருபது, ஐம்பது என்று ஏறினால் எங்கோ எர்த் அறுந்திருக்கிறது அல்லது யாரோ அறுத்திருக்கிறார்கள். மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பார்க்க வேண்டும், அதுவரை யாரும் மைக்கருகே போகக் கூடாது. சவுண்ட் செக்கில் 'ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று சொல்ல ஆகும் நேரம்தான் இதற்கும்.